அரைப்பேர்

தீபாவளிக்குக் கோத்தகிரி போயிருந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் அக்கா மகள் ஆங்கில விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பத்தாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு, நூற்றுக்கு 78½. அந்த அரைதான் பிரச்சினை. பாட்டிலிருந்து இரண்டு வரியைக் கொடுத்து, இதில் வந்திருக்கும் ஃபிகர் ஆஃப் ஸ்பீச், அதாவது அணி, என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவள் பெர்சானிஃபிகேஷன் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். நடுவில் ஓர் எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டாள். சிவப்பு மையில் அந்த இடத்தைச் சுழித்து, ஒன்றுக்குப் பதில் அரை போட்டிருந்தது.

"தெரிஞ்சுதானே சித்தி எழுதியிருக்கேன். ஒரு எழுத்துக்கு அர மார்க்கா?"

அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மா, தலையைத் தூக்காமலே கேட்டாள்: "என்னடி, அரைப்பேரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தோட்டத் தமிழர்களில் யாருக்கு எந்த நாடு என்று இந்தியாவும் இலங்கையும் 1964-ல் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியப் பக்கம் எழுதப்பட்ட குடும்பம். 1972-ல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தாள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைக்கு டான்டீ. தோட்டம் மாறினாலும் பேச்சு மாறவில்லை. அங்கே காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களைக் கணக்கெடுப்பார்கள். பேர் எழுதினால் அன்றைக்குக் கூலி உண்டு. அதனால் நாள்கூலிக்கே பேர் என்று ஆகிவிட்டது. "இந்த மாசம் எத்தன பேரு?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால் ஆள் கணக்கைக் கேட்கவில்லை, எத்தனை நாள் கூலி என்று கேட்கிறாள். கொழுந்து எடை குறைந்தால், பாதியில் வீட்டுக்குப் போக வேண்டி வந்தால், அரைப்பேர்.

"அம்மாயி இப்ப சொன்னதுகூட ஒரு ஃபிகர் ஆஃப் ஸ்பீச்தான்" என்றேன் அவளிடம். "பேருங்கிற சொல்லு கூலிக்கு ஆகி வந்திருக்கு பாரு. மெட்டானமி. உங்க தமிழ்ப் புத்தகத்துல ஆகுபெயர்னு வரும்."

"அது தமிழ்ல வர்றது சித்தி. இது இங்கிலீஷ்" என்றாள்.

சரிதான். நானும் அவள் வயதில் அப்படித்தான் இருந்தேன். இரண்டாம் பீரியட் தமிழ், மூன்றாம் பீரியட் ஆங்கிலம். நடுவில் மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்தில் ஆகுபெயர் தமிழ் நோட்டுக்குள் போய்விடும், மெட்டானமி ஆங்கில நோட்டுக்குள் போய்விடும். மெட்டானமி என்ற கிரேக்கச் சொல்லுக்கே பெயர் மாறுதல் என்றுதான் பொருள். ஆகுபெயர் என்றாலும் அதேதான். இரண்டும் ஒன்றுக்கொன்று அடுத்த வீடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தபோது கல்லூரி முடிந்திருந்தது.

என் பள்ளிக்கூடக் கதை இதைவிட மோசம். சிமிலி, நம்முடைய உவமை, என்ற சொல்லை முதலில் எழுத்தில்தான் பார்த்தேன். ஸ்மைல் என்ற சொல்லில் ஓர் ஐ கூடுதலாக அச்சாகிவிட்டது என்று நினைத்து, ஒரு வாரம் ஸ்மைல் என்றே படித்தேன். பாட்டில் எங்கே சிரிப்பு வருகிறது என்று தேடினேன். அப்புறம் எங்கள் ஆசிரியர் சூத்திரம் கொடுத்தார்: லைக், ஆஸ் வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். உயிரில்லாதது ஏதாவது செய்தால் பெர்சானிஃபிகேஷன். ஒரே எழுத்தில் தொடங்கினால் அலிட்டரேஷன். நாலு வரி, நாலு மார்க். அவர் கெட்டவர் இல்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர், பாதிப் பேருக்கு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

அந்தச் சூத்திரத்தை நான் அளவுக்கு மேல் நம்பினேன். அடுத்த வாரத் தேர்வில் 'ஐ லைக் த ரெயின்' என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் சிமிலி என்று எழுதிவிட்டேன். லைக் இருக்கிறதே! தாளை வாசித்துக் காட்டினார்கள். வகுப்பே சிரித்தது. (வகுப்பு சிரித்தது என்பது இடவாகுபெயர். அன்றைக்கு அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.)

இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. "மழை வரும்போல இருக்கு" என்று நாள் தவறாமல் சொல்லும் ஊர் எங்களுடையது. அதில் 'போல' என்ற சொல் இருக்கிறது, உவமை இல்லை என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நன்னூல் உவம உருபுகளாகப் பன்னிரண்டைச் சொல்கிறது: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. அதோடு விடாமல் பிறவும் உண்டு என்று கதவைத் திறந்து வைக்கிறது. அந்தப் பன்னிரண்டையும் மனப்பாடமாக ஒப்பித்த அதே பிள்ளை, அடுத்த பீரியடில் லைக் என்ற சொல்லைக் கண்டு ஏமாந்தாள்.

தமிழில் உருபே இல்லாமலும் உவமை வரும். பஞ்சு மேகம் என்றால் பஞ்சு போன்ற மேகம், உவமைத்தொகை. திருப்பிப் போட்டு மேகப்பஞ்சு என்றால் மேகமே பஞ்சு, அது உருவகம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு சிமிலியை மெட்டஃபர் ஆக்குகிறார்கள். நாம் இரண்டு சொற்களை இடம் மாற்றி உட்காரவைத்தால் போதும். இதைச் சொன்னதும் அக்கா மகள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "மலர்முகம், முகமலர். தேன்மொழி, மொழித்தேன்" என்று அவளே நாலைந்து திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "தேன்மொழி எங்க கிளாஸ்ல இருக்கா. மொழித்தேன்னு கூப்பிட்டா அடிப்பா" என்றாள்.

ஓசை விஷயத்தில்தான் எனக்கு ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. அலிட்டரேஷன் என்றால் மோனை, ரைம் என்றால் எதுகை என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். முதலாவது பாதி சரி, இரண்டாவது தப்பு. எதுகை இரண்டாம் எழுத்தில் நிற்பது, அடியின் தலைப்பக்கம். ஆங்கில ரைம் வரியின் வால்பக்கம் வருவது. நம் கணக்கில் அது இயைபு. மோனையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் காது சொல்வதுதான் கணக்கு. கேட், சிட்டி இரண்டும் சி எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் இல்லை. ஃபோட்டோவும் ஃபிஷ்ஷும் வேறு வேறு எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன். தமிழ் மோனை இன்னும் தாராளம். சகரத்துக்குத் தகரம் உறவு, ஞகரத்துக்கு நகரம் உறவு, மகரத்துக்கு வகரம் உறவு. உயிரிலும் அப்படியே, அ ஆ ஐ ஔ ஒரு குடும்பம், உ ஊ ஒ ஓ ஒரு குடும்பம். நான் கேட்டையும் சிட்டியையும் சேர்த்து அடிக்கோடிட்டு ஒரு மார்க் இழந்ததற்குக் காரணம், கண்ணை மட்டும் நம்பியது. லவ், மூவ் இரண்டுக்கும் ரைம் ஸ்கீமில் ஒரே எழுத்துப் போட்டதும் அதே கண்ணால்தான். ஆனால் ஆங்கிலக் கவிஞர்களே அதைச் செய்திருக்கிறார்களாம், அதற்கு ஐ ரைம், அதாவது கண் ரைம், என்று பெயரும் உண்டாம். நான் செய்தால் தப்பு, அவர்கள் செய்தால் உத்தி. போகட்டும்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு மேகம் ஏறியது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. மேட்டுப்பாளையத்துப் பள்ளத்திலிருந்து கிளம்பி, தேயிலைப் பாத்தி பாத்தியாக நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிடும். அம்மா எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேகம் பிரட்டுக்கு வந்துருச்சு."

அம்மா இதை எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. விடிகாலை இருட்டில் தலையில் கொங்காணிப் போர்வை போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் வந்து நிற்பதைப் பார்த்தவளுக்குத்தான் அது வரும். சாம்பல் நிறம், தோளோடு தோள், சத்தமில்லாமல் வந்து நிற்பது எல்லாம் அதில் இருக்கிறது. உவமை பிறப்பதற்குத் தொல்காப்பியர் நாலு இடம் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. அம்மாவின் மேகத்தில் வினையும் இருக்கிறது, உருவும் இருக்கிறது. தொல்காப்பியர் கேட்டிருந்தால் முழுப்பேரே போட்டிருப்பார்.

பள்ளியில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பாட்டு வந்தபோது எனக்கு முதல் வரியே இடறியது இதனால்தான். மேகத்தைப் போலத் தனியாக அலைந்தேன் என்கிறார். எந்த மேகம்? எங்கள் ஊர் மேகம் தனியாக வந்ததே கிடையாது. சித்தி, பெரியம்மா, பேரன், பேத்தி என்று கூட்டமாகத்தான் வரும். மேலே அண்ணாந்து பார்க்கும் பொருளும் இல்லை, கீழேயிருந்து ஏறி வருவது. ஒரே ஒரு மேகம் அந்தரத்தில் மிதப்பதைச் சமவெளிக்குப் படிக்கப் போன பிறகுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். கோவையில் ஒரு மத்தியானம், பேருந்து நிலையத்துக்கு மேலே, வழி தவறியது போல ஒன்று நின்றது. ஓ, இதைத்தான் சொன்னாரா என்று அப்போதுதான் பிடிபட்டது. நாலு வருஷம் முன்னாலேயே சிமிலி என்று எழுதி ஒரு மார்க் வாங்கியாகிவிட்டது.

டாஃபடில் பூவையும் நான் பார்த்ததில்லை. மஞ்சள் பூ என்றார் ஆசிரியர். ஆகவே மேட்டுப்பாளையம் போகும் வழியில் வளைவுக்கு வளைவு மண்டிக் கிடக்கும் மெக்சிகன் சூரியகாந்தியை அங்கே நட்டுக்கொண்டேன். தீபாவளி சமயத்தில் சரிவு முழுக்க மஞ்சளாக இருக்கும். அதுவும் எங்கிருந்தோ வந்து இங்கே ஊன்றிய செடிதான், எங்களைப் போல. பார்த்த பார்வையில் பத்தாயிரம் பூ என்று கவிஞர் சொல்லும்போது அதை ஹைப்பர்போலி என்று குறிக்கச் சொன்னார்கள், நம்முடைய உயர்வு நவிற்சி. எனக்கு அது உயர்வாகவே படவில்லை. குஞ்சப்பனை வளைவில் நின்று எண்ணினால் அதற்கு மேலேயே இருக்கும்.

பின்னாளில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் இன்னும் மனதில் உறுத்துகிறது. 1802 ஏப்ரல் 15 அன்று அந்தப் பூக்களைப் பார்த்தபோது வேர்ட்ஸ்வொர்த் தனியாக இல்லை. கூடவே தங்கை டோரதி நடந்து வந்திருக்கிறார். தன் நாட்குறிப்பில் அன்றைய பூக்களை அவர் எழுதியும் வைத்திருக்கிறார். சில பூக்கள் களைத்துப்போய்க் கற்களைத் தலையணை போல வைத்துத் தலை சாய்த்திருந்தனவாம், மற்றவை தள்ளாடி ஆடிக் காற்றோடு சேர்ந்து சிரித்தனவாம். சிமிலி, பெர்சானிஃபிகேஷன் இரண்டும் அங்கேயே இருக்கின்றன, அச்சில் ஏற்றும் எண்ணமே இல்லாத ஒரு நாட்குறிப்பில். அண்ணன் இரண்டு வருஷம் கழித்துப் பாட்டு எழுதினார், 1807-ல் புத்தகத்தில் வந்தது. பாட்டில் தங்கை இல்லை. தனியாக அலைந்தேன் என்பதற்கு என்ன அணி என்று எந்தத் தாளிலும் கேட்க மாட்டார்கள்.

பூ ஆடுவது இயல்பு. அது மகிழ்ச்சியில் ஆடுகிறது என்று கவிஞர் தன் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். இதற்குத் தமிழில் பெர்சானிஃபிகேஷனைவிடக் கச்சிதமான பெயர் இருக்கிறது: தற்குறிப்பேற்ற அணி. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. வராதீர்கள் என்று கைகாட்டி மறிப்பது போல அசைந்தன என்கிறார் இளங்கோ. எங்கள் தமிழ் ஐயா இதை நடத்தும்போது கையை உயர்த்தி, மணிக்கட்டை மட்டும் லேசாக ஆட்டிக் காட்டுவார். வகுப்பு அப்படியே அடங்கிவிடும். காற்று அடிக்கிறது, கொடி அசைகிறது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவனுக்கு அந்த அசைவு வேறு. அன்றைக்கு ஐயா அணியின் பெயரைக் கடைசியில்தான் சொன்னார். ஆங்கில வகுப்பில் பெயர் முதலில் வந்தது, பாட்டு அப்புறம் வந்தது. சில நாள் வரவே இல்லை.

ராத்திரி மின்சாரம் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளை ஒனோமட்டோப்பியாவை எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். கடைசியில் உயிரெழுத்துகள் வரிசை கட்டி நிற்கும் சொல், பாவம். அதன் கிரேக்க மூலத்துக்குப் பேர் செய்வது என்று பொருள் என்றேன். ஒரு பொருள் போடும் சத்தத்தையே அதற்குப் பேராகச் செய்வது. "அப்ப அதுக்கும் பேருதானா?" என்று அம்மா கேட்டாள். உதாரணத்துக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. தகரக் கூரையில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

சத்தம் என்றதும் தோடர் பாட்டு நினைவுக்கு வந்தது. எங்களுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாலிருந்தே இந்த மலையில் இருப்பவர்கள். 1930-களில் நீலகிரிக்கு வந்து அவர்களிடம் கேட்டு எழுதிய எமனோ என்ற மொழியியலாளர், அந்தப் பாடல்களை 1971-ல் பெரிய நூலாக வெளியிட்டார். பாட்டின் துண்டு ஒவ்வொன்றும் மூன்று அசை. ஏறக்குறைய ஒவ்வொரு துண்டுக்கும் அதே அமைப்பில் ஒரு ஜோடித் துண்டு வர வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் பேரலலிசம் என்று ஓரமாக ஒரு வரி வருமே, அதுவே அங்கே பாட்டின் எலும்பு. எங்கள் வகுப்பில் தோடர் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளும் எங்களோடு உட்கார்ந்து பேரலலிசத்தின் ஸ்பெல்லிங்கைத்தான் மனப்பாடம் செய்தாள். அவளிடம் கேட்கலாம் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

அம்மாவிடம் பாட்டுக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதும் அன்றைக்குத்தான். "அந்த மலைப் பாட்டைச் சொல்லும்மா, பிள்ளை எழுதட்டும்" என்றேன். முதலில் வெட்கப்பட்டாள். அப்புறம் பாடாமல், பேசுவது போலவே சொன்னாள்:

கூனியடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

மலையகத்தில் வாய்வழியாக வந்த பாட்டு, யார் கட்டியது என்று கிடையாது. பாட்டில் வருவது தேயிலைக்கும் முந்திய கோப்பி, நம் காபி. 1869-ல் இலைநோய் வந்து அங்கே கோப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கிய பிறகுதான் தேயிலை பரவியது. அம்மா கோப்பிப் பழம் பறித்ததே இல்லை. ஆனாலும் வாயில் கோப்பி இருக்கிறது.

பிள்ளை பென்சிலை எடுத்தாள். கூ, கோ இரண்டையும் சுழித்தாள். "ஊ, ஓ ஒரே குடும்பம்னு சொன்னீங்கல்ல, மோனை." அண்ணனை, அந்தா, மறுபடி மோனை. மலை, மலை, மலை என்று மூன்று வரி முடிகிறது. இயைபு. ஆங்கிலத்தில் அதே சொல் திரும்ப வந்தால் ரைம் என்று சொல்லாமல் எபிஸ்ட்ரஃபி என்பார்கள் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டாள். இரண்டு நிமிஷத்தில் நாலு வரிக்கும் பேர் போட்டாகிவிட்டது. முழுப்பேர்.

அப்புறம் பென்சில் தோத்த என்ற சொல்லில் நின்றது.

"இது என்ன சித்தி? விளையாட்டுலதானே தோப்பாங்க. அண்ணனை எப்படித் தோக்கறது? செத்துட்டாரா?"

செத்ததை அப்படிச் சொல்லாமல் வேறு விதமாகச் சொன்னால் மங்கலம், ஆங்கிலத்தில் யூஃபமிசம் என்று எனக்கு வாய் வரை வந்தது. மெட்டஃபர் என்றும் சொல்லலாம், அண்ணனைப் பந்தயத்தில் வைத்து மலையோடு ஆடித் தோற்றது போல. இரண்டுக்கும் மார்க் கிடைக்கும். எதைச் சொன்னாலும் அந்தச் சொல் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்கிறது.

"சாகல" என்றாள் அம்மா. "எங்கண்ணனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை விழுந்துச்சு. எங்களுக்கு இந்த நாடு. கப்பலேத்த வந்தான். பெறகு ரெண்டு கடுதாசி வந்துச்சு."

பெரிய மாமாவைப் பற்றி எனக்குத் தெரியும். பாட்டில் வரும் அண்ணன் அவர்தான் என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்த வரிக்கு வரும்போது கையை நீட்டி, "அந்தா" என்பாள். நீட்டிய பக்கம் ரங்கசாமி மலை தெரியும். அங்கேதான் மாமாவைத் தோற்றுவிட்டார்கள், ஒருநாள் போய்க் கூட்டி வர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அதைப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தாளில் தோத்த என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள், அதை அழித்தாள், மறுபடி போட்டாள்.

"அம்மாயி, அந்தான்னா எந்த மலை?"

அம்மா மோவாயால் சன்னல் பக்கம் காட்டினாள். பிள்ளை எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். வெளியே மேகம் நின்றது.